அந்த பவுடரை இப்போதைக்குப் பிரிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். ஆபீஸ் நண்பர் வாராவாரம் வைட்டமின் டி பவுடரைப் பாலில் கலந்து குடிக்கிறாராம், முதுகுவலி போய்விட்டதாம், மெடிக்கலில் சீட்டு கேட்காமலே தருகிறார்களாம். நீயும் வாங்கி வைத்திருக்கிறாய். கிட்னி மாற்றிக்கொண்டவன் நீ, டாக்டரைப் பார்க்கும்வரை அதைப் பிரிக்காதே.

உனக்கு டி சத்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிட்னி மாற்றியவர்களில் நிறையப் பேருக்கு அது குறைவாகத்தான் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும் என்பதால் உச்சி வெயிலில் நிற்காதே என்கிறார்கள், அதனால் வெயிலில் கிடைக்கும் டி-யும் குறைகிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையோ எலும்பை அரிக்கும். பிரான்சில் மாற்றுக் கிட்னியோடு வாழும் 536 பேரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. அதிக அளவு டி எடுத்தவர்களில் 1 சதவீதம் பேருக்குத்தான் எலும்பு முறிவு. குறைந்த அளவு எடுத்தவர்களில் 4 சதவீதம். சர்க்கரை, மாரடைப்பு, புற்றுநோய் இதெல்லாம் அதனால் குறையவில்லை. ஆக, எலும்புக்கு உதவலாம். ஆனால் அவர்கள் எல்லாரும் டாக்டர்கள் கண்காணிப்பில் எடுத்தவர்கள்.

எனக்குப் பயம் கால்சியத்தை நினைத்துத்தான். டயாலிசிஸ் காலத்தில் உன் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அளவுக்கு மீறி வேலை செய்து பழகிவிட்டன. புதுக் கிட்னி வந்ததும் அவை உடனே அடங்கிவிடுவதில்லை. சிலருக்கு வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை எலும்பிலிருந்து கால்சியத்தை இழுத்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் 60,000 யூனிட் பவுடரை வாராவாரம் போட்டால் கால்சியம் இன்னும் ஏறலாம். அப்புறம் மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, கிட்னியில் கல். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் ஏறும். கிட்னியை உடம்பு தள்ளுகிறதோ என்று எல்லாரும் பதறுவோம்.

இன்னொன்று. டயாலிசிஸ் சமயத்தில் நீ சாப்பிட்டாயே, கால்சிட்ரியால் என்ற அந்தச் சின்ன மாத்திரை, அதில் இருப்பது 0.25 மைக்ரோகிராம்தான். ஆனால் அது உடம்பு அப்படியே பயன்படுத்தக்கூடிய டி. பவுடரில் இருப்பதை ஈரல் ஒருமுறை மாற்றி, கிட்னி இன்னொருமுறை மாற்றிய பிறகுதான் அது அந்த வடிவத்துக்கு வரும். உன் பழைய கிட்னிகளால் அது முடியவில்லை, புதியது செய்யும். பழைய டப்பாவில் அந்த மாத்திரை மிச்சம் இருந்தால் பவுடரோடு சேர்த்து விழுங்கிவிடாதே. நான் மருந்தகத்தில் வேலை பார்த்த காலத்தில், இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

அடுத்த செக்கப்பில் 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல். டி அளவு (25-ஹைட்ராக்ஸி என்று வருவது) 20 ng/mL-க்குக் கீழே இருந்தால் மருந்து கொடுக்கத்தான் செய்வார்கள். எத்தனை யூனிட், எத்தனை வாரம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சீட்டில் எழுதி வாங்கு. நிறுத்தும் தேதியைத்தான் எல்லாரும் மறந்துபோகிறார்கள். மருந்தை ஆரம்பித்த பிறகு கால்சியத்தை மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்றும் கேள்.

கிட்னி கொடுத்தவள் என்ற உரிமையில் இதைச் சொல்லவில்லை தம்பி. நான் கொடுக்காமல் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். காலையில் வெயில் ஏறும் முன் நட, முட்டை மஞ்சள் கருவை ஒதுக்காதே. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அப்பாவும் பார்க்கணும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா