ஒரு தடவை பரிசோதித்தால் போதுமா?

அன்புள்ள ராமு,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு பினாங்குக்கு வந்துவிடுகிறோம்.

பிறையில் உள்ள உங்கள் தொழிற்சாலை விடுதிக்குப் புதிதாக வந்த வெளிநாட்டு ஆட்களைப் பற்றி எழுதியிருந்தாய். வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ஃபோமேமா மருத்துவப் பரிசோதனையில் பாஸ் ஆனவர்கள்தானே, இனி மலேரியா பயம் இல்லையே என்று கேட்டிருந்தாய். கோலாலம்பூரில் இரத்த ஸ்லைடு பார்ப்பதே என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் அது காட்டுவது அன்றைய இரத்தத்தை மட்டும்தான். இந்தியா, பாகிஸ்தான் பக்கம் நிறைய இருக்கும் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி கல்லீரலில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். ஆள் திடமாக நடமாடுவார், ஸ்லைடும் சுத்தமாக இருக்கும். பல மாதம் கழித்து அது இரத்தத்துக்கு வரும்போதுதான் குளிரும் காய்ச்சலும். கல்லீரலில் இருப்பதை அழிக்க பிரைமாகுயின் மாத்திரை உண்டு. ஆனால் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற என்சைம் குறைபாடு உள்ளவருக்குக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடனேயே அதைச் சோதித்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வருபவருக்கு முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரை.

‘இவங்கதான் நோயைக் கொண்டு வர்றாங்க’ என்று நம்மவர்களே பேசும்போது மனசு வலிக்கிறது. 2018இல் உள்ளூரிலேயே தொற்றிய, மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. இன்று இங்கே காணும் மலேரியாவில் பெரும்பகுதி, காட்டுக் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலேசி என்ற வகை. நம் பாட்டன்மாரும் கப்பலில் வந்து, நோய் பரவாதிருக்க உங்கள் பினாங்கு ஜெரெஜாக் தீவில் தனியாக அடைபட்டுக் கிடந்த பிறகுதான் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற மலேரியா இந்த மண்ணில் இருந்தது. ரப்பருக்காகக் காட்டை அழித்ததும் வெயில் பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்ட வைத்துத்தான் அங்கே காய்ச்சல் தணிந்தது. வந்தவனைச் சோதிப்பது சரி, அவனைக் குற்றவாளி மாதிரி பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்படிப் பார்ப்பதால்தான் அவர்கள் நோயை மறைக்கிறார்கள். சம்பளம் போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து பனடோல் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்கு வந்துவிடுவார்கள். ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகை என்றால் சில நாளிலேயே உயிர் போகலாம். நீ சூப்பர்வைசர், நீ தைரியம் சொன்னால் நம்புவார்கள்.

யாருக்காவது காய்ச்சல் என்றால் நீயே கிளினிக்குக்குக் கூட்டிப்போ. இங்கே காய்ச்சல் என்றதும் டாக்டர்களுக்கு முதலில் டெங்கிதான் நினைவுக்கு வரும். எந்த நாட்டிலிருந்து, எப்போது வந்தவர் என்று சொல்லி மலேரியாவுக்கும் பார்க்கச் சொல். முதல் ஸ்லைடில் ஒன்றும் இல்லை என்றாலும் காய்ச்சல் விடாவிட்டால் மறுநாளே இன்னொரு தடவை எடுக்கச் சொல். சந்தேகம் இருந்தால், எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு.

அன்புடன்,
சேகர்