மதிலுக்குக் கொடி ரோஜா: இலையையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மதிலில் கொடி ரோஜா ஏற்றுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். பூவின் நிறம், மணம், அளவு ஆகியவை விரிவாகச் சொல்லப்பட்டிருந்த அக்கட்டுரையில் இலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால், கொடைக்கானலில் 15 ஆண்டுகளாக மதிலோரம் ரோஜா வளர்த்துவரும் வாசகி என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெரும்பாலான கொடி ரோஜாக்கள் பூத்திருக்கும் நாட்களைவிடப் பூக்காதிருக்கும் நாட்களே அதிகம். அந்நாட்களில் மதிலுக்கு அழகு தருவது இலைதான்.

மாந்தளிர் நிறம் என்று பட்டுப்புடவைக்கே பெயர் வைத்தவர்கள் நாம். சீன ரோஜா, தேயிலை ரோஜா வழிவந்த கொடிகளிலும் அந்த நிறம் உண்டு. கவாத்து செய்து மூன்று வாரம் கழித்து என் மதிலருகே நின்றால், நுனித் தளிர் பளபளக்கும் செம்பு நிறத்திலும், அதற்கடுத்த இலை ஓரம் மட்டும் சிவந்தும், கீழிலைகள் கரும்பச்சையாகவும் ஒரே கிளையில் வரிசையாகத் தெரியும். தளிரில் ஊறும் ஆந்தோசயனின் என்னும் நிறமியே இந்தச் சிவப்புக்குக் காரணம். இலை முற்ற முற்ற அது மறைந்து பச்சையம் மேலோங்குகிறது.

1882-ஆம் ஆண்டு மணிப்பூர் மலைகளில் ஜார்ஜ் வாட் கண்டெடுத்த ரோசா ஜைகான்டியா, பெரிய மரங்களின் மீதே ஏறிப் படரும் காட்டு ரோஜாவாகும். குளிர்நாடுகளுக்காக உருவாக்கப்பட்ட வகைகள் நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாமல் திணறுவதைக் கண்டு, இந்தக் காட்டு ரோஜாவைக் கொண்டு புதிய கலப்பினங்களை உருவாக்கிய விரு வீரராகவன், கிரிஜா வீரராகவன் தம்பதியர் எங்கள் கொடைக்கானலைச் சேர்ந்தவர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. கொடி ரோஜா தேடுவோர் அந்த வழியில் வந்த வகைகளை முதலில் விசாரிக்கலாம்.

நீலம் கலந்த ஊதாச் சாயல் இலைகொண்ட ரோசா கிளாக்கா படங்களில் மனத்தைக் கவரும். ஆனால் அது ஐரோப்பிய மலைகளின் புதர்ச்செடி. மதில் ஏறும் கொடியன்று, குளிர்காலத்தில் இலையையும் உதிர்த்துவிடும். வெள்ளைத் திட்டுகள் கொண்ட இலை வகைகளில் பச்சையம் குறைவு என்பதால் வளர்ச்சி மந்தமாக இருக்கும். மேற்கு வெயில் சுடும் மதிலில் இலையோரம் கருகிவிடும். அவற்றைக் காலை வெயில் மட்டும் படும் கிழக்கு மதிலில் வைப்பதே நல்லது.

ஒட்டுச்செடி வாங்கும்போது, ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே வந்த தளிரைப் பார்த்து வாங்குங்கள். பூப்படம் ஒட்டிய ஒரு செடியை நம்பி வாங்கி நான் இரண்டு ஆண்டுகளை இழந்தேன். ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேர்ச்செடியே தழைத்து, மேலே ஒட்டுக் கட்டிய கிளையை அமுக்கிவிட்டிருந்தது. இலைக்காம்பின் அடியில் உள்ள செதில் சீப்புப் பல்போலக் கீறிக்கீறி இருந்ததைக் கவனித்த பிறகுதான் அது வேர்ச்செடியாகப் பயன்படும் மல்டிஃப்ளோரா என்னும் ரோஜா வகை என்று புரிந்தது. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் முளையை அன்றே மண்ணைத் தோண்டி அடியோடு பிய்த்தெடுத்திருக்க வேண்டும்.

மதிலை ஒட்டினாற்போலக் குழி எடுக்காமல் ஒன்றரை அடி தள்ளி நட வேண்டும்; ஒட்டி நட்டால் மழைநீர் வேருக்குப் போதாது, காற்றோட்டமும் குறையும். காற்றோட்டம் குறைந்தால் சாம்பல் நோய் முதலில் தாக்குவது இளந்தளிரைத்தான். நீண்ட கிளைகளை நேராக மேலே ஏற்றாமல் கம்பியில் படுக்கைவாட்டில் கட்டினால் கணுவுக்குக் கணு துளிர்க்கும், மதில் முழுவதும் தளிர் நிறம் பரவும்.

இனி கொடி ரோஜா பற்றிக் கட்டுரை வெளியிடும்போது, பூவின் படத்தோடு தளிரின் படத்தையும் முற்றிய இலையின் படத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கொடைக்கானல்.