புத்தாண்டின் முதல் கிராம சபை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூச்சலும் வெளிநடப்புமாகவே ஓர் அரசியல் ஆண்டு கழிந்துவிட்டது. கட்சிகள் தாமாகத் திருந்தும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஜனவரி 26 அன்று தமிழக ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. நம்பிக்கையை அங்கிருந்து தொடங்கலாம்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்கே பேசலாம். கூட்டம் செல்லுபடியாக, மக்கள்தொகை 500 வரை என்றால் குறைந்தது 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வரவேண்டும்.

கோளாறு நடப்பது தீர்மானப் புத்தகத்தில்தான். எவ்வளவு பேசினாலும், எழுத்தில் ஏறியதே தீர்மானம். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டால், மேலே விட்ட இடத்தில் பிறகு எதையும் எழுதிக்கொள்ளலாம். தீர்மானங்களை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்திடுங்கள். "குடிநீர் சரியில்லை" என்ற பொத்தாம்பொதுவான மனு நிற்காது. எந்தத் தெரு, எந்த மேல்நிலைத் தொட்டி, எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் என்று எழுதி இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றில் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள்.

வேலை நகரவில்லையா? 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தட்டிக்கழிப்பார்கள். தீர்மான நகல், செலவுச் சீட்டு நகல் என்று ஆவணத்தையே கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். பலரும் இந்தக் கெடுவைத்தான் தவறவிடுகிறார்கள்.