டயல் கேஜோடு வா

அன்புள்ள மாப்ள,

வீட்டில் எல்லோரும் நலம். உன் மகள் வாங்கிய மார்க்கைக் கேட்டு அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை, பலகாரம் தனியாக வரும். சுருட்டை ஊருக்கு வந்துவிட்டான், அதே சிரிப்பு, அதே கடன் கேட்கும் பழக்கம். இனி என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன்.

நம் டீசல் லோடு வண்டிக்கு ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) இறக்கி, அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங் அடித்து, ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டு வாங்கி வந்தேன் இல்லையா? மறுபடி தண்ணீர் கக்குகிறது. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றினால் கம்பம் வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும்போதுதான் ரேடியேட்டர் தண்ணீரின் ஸ்பேர் டேங்க் பொங்கி வழிகிறது. தண்ணீர் வெளியே போன பிறகுதான் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்.

வேலை பார்த்த பட்டறைக்கே கொண்டுபோனேன். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஸ்லோவில் ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயில் அந்த நீலத் தண்ணீர் குழாயை வைத்துப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. "கேஸ்கெட் சூப்பரா இருக்கு, ரேடியேட்டர் அடைப்பு, மாத்திடுங்க" என்றார்கள். தண்ணீர் கலந்தால் ஆயில் பால் மாதிரி ஆகும், அப்படி எதுவும் இல்லை என்று ஸ்டிக்கை உருவி வேறு காட்டினார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த நீலத் தண்ணீர் தேடுவது, கேஸ்கெட் ஓட்டை வழியாக ரேடியேட்டர் தண்ணீருக்குள் வரும் புகையில் உள்ள கரியமில வாயுவை. டீசல் இன்ஜினில் காற்றை அடைத்துப் பிடிக்கும் ஏற்பாடு பெட்ரோல் வண்டியில் இருப்பதுபோல் இல்லை. ஸ்லோவில் ஓடினாலும் சிலிண்டர் நிறையக் காற்றை இழுக்கும், டீசல் கொஞ்சம்தான் விழும். அப்போது புகையில் கரியமில வாயு 2, 3 சதவீதம் இருந்தால் பெரிது. பெட்ரோலில் அது 13, 14 வரை வரும். பெட்ரோல் காருக்குச் சரியாக வேலை செய்யும் சோதனையை, நிற்கிற டீசல் வண்டிக்கு வைத்துவிட்டுச் சுத்தம் என்று தீர்ப்பு எழுதினால் எப்படி? லோடு ஏற்றி இழுக்க வைத்து, அந்தச் சூட்டில் பார்க்க வேண்டாமா? ரேடியேட்டர் அடைப்பு என்றால் முதலில் சூடு ஏறும், அப்புறம்தான் தண்ணீர் பொங்கும். நம் வண்டியில் அது தலைகீழாக நடக்கிறது.

வீட்டில் நானே ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹெட் வேலை முடிந்த புதிதில் ரேடியேட்டரில் குமிழி வருவது சகஜம், உள்ளே சிக்கிய காற்று வெளியேறுகிறது. அதைப் பார்த்துப் பயந்து ஹெட்டை மறுபடி இறக்கியவர்களை நீயும் நானும் பார்த்திருக்கிறோம். அதனால் காற்றெடுத்து, தண்ணீர் மட்டம் நிலைக்கும்வரை காத்திருந்தேன். மூடியையும் புதிதாக மாற்றினேன். 0.9 பார் தாங்கும் மூடி இருந்தால் உள்ளே தண்ணீர் கொதிக்க சுமார் 118 டிகிரி ஆக வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த மூடியாக இருந்தால் அதுவே பொங்க வைக்கும். மூடி மாறியும் நோய் மாறவில்லை.

அப்புறம், விடிகாலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது மூடியைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டு, திரும்ப மூடி ஸ்டார்ட் செய்தேன். முதல் சில விநாடி ஒரு சிலிண்டர் அடிக்காமல் திணறி, வெள்ளைப் புகை விட்டது. கொஞ்ச நேரத்தில் மேல் ஹோஸைப் பிடித்தால் கல்லாக இருக்கிறது, கையில் சூடே இல்லை! தண்ணீர் சூடாகி விரிந்து வந்த அழுத்தமாக அது இருக்க முடியாது. வாட்டர் பம்ப் எங்காவது காற்றை இழுக்கிறதோ என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தண்ணீரை வாய்வரை நிரப்பி, கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டேன். ஆக்சிலேட்டரைத் தொட்டால் சோடாவைத் திறந்தது போலக் குமிழி. பம்ப் நிரபராதி.

நம்முடையது பழைய லைன் பம்ப் என்பதால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். தளர்த்தினால் அந்த சிலிண்டர் மட்டும் அடிக்காது. மூன்றாவதைத் தளர்த்தியதும் குமிழி அடங்கியது. நீ புதிதாக வாங்கிய பிக்கப்பில் இந்தக் கைவேலையை மட்டும் செய்துவிடாதே. அது காமன் ரயில், லைனில் டீசல் அழுத்தம் 1000 பாருக்கு மேலேகூடப் போகும். பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உனக்கு விரல் துறுதுறுக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கடைசியாக, லோடோடு மலை ஏறிய கையோடு வண்டியை ஓரம் கட்டி, சூடு தணிந்து மூடி திறக்கலாம் என்ற பிறகு இன்ஜினை ஓடவிட்டு நீலத் தண்ணீரை வைத்தோம். பச்சையாகிவிட்டது. இதற்குமேல் என்ன வேண்டும்? ஆயில் சுத்தமாக இருப்பது பெரிய ஆதாரம் இல்லை. மூன்றாவது சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் இடையில்தான் ஓட்டை, ஆயில் வழி தனி. ஓடும்போது வாயு தண்ணீருக்குள் போகிறது. நிறுத்திய பிறகு, மிச்ச அழுத்தத்தில் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிகிறது. காலையில் வரும் வெள்ளைப் புகை அதுதான். ஒரு ராத்திரி கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டால் பிஸ்டன் தண்ணீரை நசுக்கப் பார்க்கும், தண்ணீர் நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதனால் வண்டியை நிறுத்திவிட்டேன். தவணை நிற்காது என்பது வேறு கவலை.

இன்னொன்று, எழுதவே கை நடுங்குகிறது. மலையில் பொங்கியபோது டிரைவர் அண்ணன் பதற்றத்தில் சூடான மூடியைத் திருகப் போயிருக்கிறார். கிளீனர் பையன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். இல்லையென்றால் அவர் முகம் என்ன ஆகியிருக்கும்? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். லேத் வாத்தியார் கையை நாம் எத்தனை நாள் பார்த்தோம்!

இப்போது உன்னிடம் வருகிறேன். ஹெட்டை மறுபடி இறக்கப் போகிறேன், இந்த முறை வேறு பட்டறை. நல்லபடி போட்ட கேஸ்கெட் இவ்வளவு சீக்கிரம் போகாது, காரணம் கீழே இருக்கிறது. ஈர லைனர் (தண்ணீர் சூழ நிற்கும் சிலிண்டர் குழல்) பிளாக் மட்டத்துக்கு மேலே நூலளவு நீட்டி நின்றால்தான் கேஸ்கெட்டின் வளையத்தை இறுக்கிப் பிடிக்கும். பல இன்ஜின்களில் அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். போன சூட்டில் மூன்றாவது லைனர் இறங்கியிருக்கும் என்பது என் சந்தேகம். பழைய பட்டறையில் யாரும் லைனர் உயரம் அளக்கவே இல்லை என்று கிளீனர் சொல்கிறான். பழைய போல்ட்டுகளையே டிரேயிலிருந்து எடுத்து மாட்டினார்களாம், துளைகளை ஊதவும் இல்லையாம். துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ நின்றால் போதுமான இறுக்கம் வந்துவிட்டதென்று டார்க் ரெஞ்ச் கிளிக் என்று சொல்லும், ஹெட் இறுகியிருக்காது.

ஹெட்டை இன்னொரு தடவை ஃபேஸிங் அடிக்க யாரையும் விடமாட்டேன். நேர்கோலும் ஃபீலர் தகடும் வைத்து 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைகிறதா என்று பார்த்த பிறகு பேசலாம். சும்மா சீவிக்கொண்டே போனால் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கும், நாசில் முனையும் கூடுதலாகக் கீழே நீட்டும். ஹெட்டில் கீறல் இருக்கிறதா என்று வெந்நீரில் போட்டுக் காற்றடித்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்துவிட்டேன்.

லைனர் உயரத்தை நூறில் ஒரு பங்குக்குச் சரியாகச் சொல்ல எனக்கு நம்பிக்கையான கண் உன்னுடையது மட்டும்தான். நீ அளந்து சொன்னால் அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு போடுவதா, லைனரையே மாற்றுவதா என்று அங்கேயே முடிவெடுக்கலாம். உயரம் அளக்கும் டயல் கேஜ், அதைப் பிடிக்கும் மேக்னட் ஸ்டாண்ட், உன் நேர்கோல் மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ராத்திரி பொள்ளாச்சி வழி பஸ்ஸைப் பிடி. ஞாயிறு காலை ஹெட்டில் கை வைக்கிறோம். முடியாது என்றால் வெள்ளிக்கிழமைக்குள் போன் செய், நாள் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்ச்