பண்டைய எகிப்தும் நம் நாவல்களும்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மழை வெயில் பாராமல் மாதக் கூட்டத்துக்கு வந்துவிடும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் எனக்குப் பிறகு படிப்பார், அதை நான் தொடவில்லை. பண்டைய எகிப்தை வைத்து ஃபேன்டஸி நாவல் எழுதும் நம் வட்டத்தில் இந்த ஆண்டு என்ன படித்தோம், என்ன எழுதினோம், எதற்காக முட்டிக்கொண்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டது நினைவிருக்கும். ஓராண்டுக்கு யாரும் மம்மி எழுந்து நடக்கும் காட்சி எழுதக் கூடாது, கல்லறைச் சாபம் எழுதக் கூடாது, எகிப்தியர்கள் தங்கள் கையால் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் படித்த பிறகே கற்பனையில் இறங்க வேண்டும். சிலருக்கு இது பிடிக்கவில்லை. அதில் நியாயமும் உண்டு, நம்மில் பலரை இந்தப் பக்கம் இழுத்ததே எகிப்திய அரசன் துட்டன்காமூனின் தங்க முகமூடிப் படமும் சாபக் கதையும்தானே. ஆனால் அந்தச் சாபத்தை வளர்த்தது எகிப்து அல்ல, செய்தித்தாள்கள். 1922 நவம்பர் 4 அன்று அவன் கல்லறையின் முதல் படி கண்ணில் பட்டது, 1923 ஏப்ரலில் அகழாய்வுக்குப் பணம் போட்ட கார்னர்வான் பிரபு கொசுக்கடி புண்ணாகிக் கெய்ரோவில் இறந்தார், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கல்லறையைத் திறந்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார். நூறு ஆண்டாக எழுதித் தேய்ந்துபோன விஷயம் அது, நாவலாசிரியருக்கு அதில் இனி எதுவும் மிச்சமில்லை என்றுதான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அதற்குப் பதிலாக நாம் போய் உட்கார்ந்த இடம் டெய்ர் எல்-மதீனா. தீப்ஸ் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து வண்ணம் தீட்டிய தொழிலாளர்களின் கிராமம். மதிலுக்குள் 68 வீடுகள், அவ்வளவுதான். ஆனால் அங்கே இருந்தவர்களில் நிறையப் பேருக்கு எழுதத் தெரியும், பாப்பிரஸ் என்ற கோரைத் தாளின் விலை அதிகம் என்பதால் சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். யார் யாருக்குக் கடன், எந்தத் துணி சலவைக்குப் போனது, யார் வீட்டுக் கழுதை செத்தது எல்லாம் ஆயிரக்கணக்கான ஓடுகளில் இருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டு வருகைப் பதிவேடு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. தேதிகளைக் கறுப்பு மையில் எழுதி, விடுப்புக்கான காரணத்தை மேலே சிவப்பு மையில் குறித்திருக்கிறார்கள்: ஒருவனைத் தேள் கொட்டிவிட்டது, ஒருவனுக்குக் கண் நோய், ஒருவன் வீட்டில் பீர் காய்ச்சுகிறான், ஒருவன் தன் தாயின் உடலைப் பதப்படுத்தித் துணி சுற்றப் போயிருக்கிறான். அரசாங்க அலுவலகத்தில் பல ஆண்டு வருகைப் பதிவேடு பார்த்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் இதைப் படித்த வாரமே தன் பழைய கைப்பிரதியை ஓரம் கட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அவர் கதாநாயகன் இப்போது அந்தச் சிவப்பு மைக்காரன். விடுப்புக் காரணமாக அவன் எழுதுவது மறுநாள் உண்மையாகிவிடுகிறது, கிராமத்துக்கு அது தெரிந்துபோகிறது, அப்புறம் அவன் வீட்டு வாசலில் கூட்டம். முதல் நான்கு அத்தியாயங்களைக் கேட்டவர்களுக்குத் தெரியும், இந்த ஆண்டு நம் வட்டத்தில் எழுதப்பட்டவற்றில் மிகச் சிறந்தது அதுதான்.

அதே கிராமத்தில்தான் கென்ஹெர்கெபெஷெஃப் என்ற எழுத்தர் இருந்தார். அலங்கோலமான கையெழுத்து, ஆனால் பழைய ஏடுகள்மேல் தீராத ஆசை. அவரிடம் இருந்த ஒரு கனவு நூலை நாம் மூன்று கூட்டங்கள் வைத்துப் பேசினோம், போதவில்லை. கனவில் பெரிய பூனையைக் கண்டால் நல்லது, அமோக விளைச்சல் வரும். ஆழமான கிணற்றை எட்டிப் பார்த்தால் கெட்டது, சிறைக்குப் போவான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் கெட்டது, இன்னொரு மனைவி வருவாள். ஏட்டின் மறுபக்கத்தில் இரண்டாம் ராம்செஸின் கடேஷ் போர்ப் பாடலைத் தன் கையாலேயே படி எடுத்து வைத்திருக்கிறார். அவரை இளவயதில் மணந்த நவுனக்தே என்ற பெண், அவர் இறந்தபின் வேறொருவரை மணந்து எட்டுப் பிள்ளைகளை வளர்த்து, ஐந்தாம் ராம்செஸின் 3ஆம் ஆட்சியாண்டில் சாட்சிகள் முன் நின்று உயில் எழுதுகிறார்: வயதான காலத்தில் என் கையைப் பிடித்தவர்களுக்கு என் சொத்தில் பங்கு உண்டு, பிடிக்காதவர்களுக்கு இல்லை. பிள்ளைகளில் சிலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தாய் இப்படிப் பேசுவதைக் கேட்டபோது கூட்டத்தில் யாரும் கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. பள்ளி ஆசிரியையான நம் உறுப்பினர் இதை எடுத்துக்கொண்டார். இறந்தவர்களுக்குக் கிண்ணத்தில் கடிதம் எழுதிக் கல்லறையில் வைக்கும் வழக்கம் எகிப்தில் இருந்தது, என் நோய்க்கு நீயே காரணமா, மேலுலகில் எனக்காக வழக்காடு என்றெல்லாம் உரிமையோடு எழுதுவார்கள். பங்கு கிடைக்காத மகன் ஒருவன் இறந்த தாய்க்கு இப்படி எழுதிக்கொண்டே இருக்கிறான், கடைசியில் ஒரு கிண்ணத்தில் பதில் வருகிறது. நாவல் பாதியில் நிற்கிறது, அவர் அதை முடிக்க வேண்டும், முடிக்கும்வரை விட மாட்டோம் என்பதையும் இந்த அறிக்கையில் பதிவு செய்கிறேன்.

அப்புறம் வேலைநிறுத்தம். மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.மு. 1157இல், கூலித் தானியம் வராததால் இந்தத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தன, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் சொன்னது துரின் நகரில் உள்ள பாப்பிரஸில் அப்படியே இருக்கிறது. எழுத்தில் பதிவான வேலைநிறுத்தங்களில் இதுவே மிகப் பழையது. அரை நூற்றாண்டுக்குள் கல்லறைக் கொள்ளை வழக்குகள் வந்துவிட்டன. அமென்பனெஃபெர் என்ற கல்தச்சனின் வாக்குமூலத்தில், பழைய அரசன் ஒருவனின் கல்லறையில் எடுத்த தங்கத்தை எட்டுப் பேர் ஆளுக்கு 20 டெபென் என்று பிரித்துக்கொள்கிறார்கள் (ஒரு டெபென் சுமார் 91 கிராம்), இவன் பிடிபடுகிறான், தன் பங்கை எழுத்தர் ஒருவரிடம் கொடுத்து வெளியே வருகிறான், கூட்டாளிகள் அவனுக்கு மறுபடி பங்கு போட்டுத் தருகிறார்கள். அந்தப் பாப்பிரஸின் கதை அதைவிட மேல். கீழ்ப்பாதி மட்டும்தான் முதலில் தெரிந்திருந்தது, மேல்பாதி 1935இல் பிரஸ்ஸல்ஸில் ஒரு மரச்சிலையின் உள்ளிருந்து கிடைத்தது. கொள்ளைக் கதை எழுத நினைக்கும் இளையவர்கள் தயவுசெய்து முதலில் இதைப் படியுங்கள். அங்கே கல்லறையைக் குடைந்தவன் அயல்நாட்டு வில்லன் இல்லை, உள்ளூர்க் கைவினைஞன்.

மாயம் பற்றிய விவாதம்தான் இந்த ஆண்டின் பெரிய சண்டை. ஃபேன்டஸி நாவலில் மந்திரத்துக்கு ஒரு விதிமுறை வேண்டும், அதை எங்கிருந்து எடுப்பது? ஒரு சாரார் கைவீச்சில் தீ பறக்கும் வழக்கமான மந்திரமே போதும் என்றார்கள். நான் மறுபக்கம், அதை மறைக்கவில்லை. எகிப்தியருக்கு எழுத்தே உயிருள்ள பொருள். கல்லறைகளில் சிலவற்றில் பாம்பு, பறவை, மனித உருவ எழுத்துகளை முழுசாகச் செதுக்காமல் பாதியாக வெட்டி விட்டிருக்கிறார்கள், எழுத்து எழுந்து வந்து இறந்தவரைத் தாக்கிவிடக் கூடாதென்று. பகைவர் பெயரைப் பானையில் எழுதி உடைத்தார்கள். அகெனாதென் என்ற அரசன் ஆமுன் கடவுளின் பெயரைக் கோயில் கோயிலாகச் சுரண்டினான், அவன் செத்தபின் அவன் பெயரையும் சுரண்டினார்கள், பெயர் போனால் மறுமையில் ஆளே இல்லை. ஹோரஸ் கடவுள் முதலைகள்மேல் நிற்கும் கல்லில் மந்திரங்களைச் செதுக்கி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, வழிந்த தண்ணீரைத் தேள் கொட்டியவருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இவ்வளவும் கையில் இருக்கும்போது தீப்பந்து எதற்கு?

இதற்குச் சான்றாக நாம் வாசித்தது செத்னே கதை. செத்னே கற்பனைப் பெயராகத் தெரியலாம், அவருக்குப் பின்னால் இருப்பவர் இரண்டாம் ராம்செஸின் மகன் கெம்வாசெட், மெம்ஃபிஸில் ப்தா கடவுளின் தலைமைப் பூசாரி, தனக்கு ஆயிரம் ஆண்டு மூத்த கட்டடங்களைத் தேடித் தேடிப் பழுது பார்த்தவர். அவர் இறந்து ஆயிரம் ஆண்டு கழித்து எகிப்தியர்களே அவரை ஃபேன்டஸி நாயகன் ஆக்கிவிட்டார்கள்! தோத் கடவுள் எழுதிய நூல், பெட்டிக்குள் பெட்டியாக ஆற்றுக்கு அடியில், சுற்றிப் பாம்பும் தேளும். அதை முதலில் எடுத்த நனெஃபெர்கப்தா மந்திரத்தைப் புது ஏட்டில் எழுதி, பீரில் நனைத்து, தண்ணீரில் கரைத்துக் குடித்து விடுகிறான், குடித்ததும் எல்லாம் தெரிந்துவிடுகிறது. விலையாகத் தன் மகன், மனைவி, கடைசியில் தன் உயிர் என மூன்றையும் நைலில் இழக்கிறான். பின்னாளில் செத்னே அவன் கல்லறைக்குள் போய் அந்த ஆவியோடு கட்டத்தில் காய் வைத்து ஆடுகிறான், ஒவ்வொரு ஆட்டம் தோற்கும்போதும் தலையில் ஒரு அடி, தரைக்குள் இன்னும் கொஞ்சம் புதைகிறான். மந்திரத்துக்கு விலை உண்டு என்பதை யாரும் நமக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை, இந்தக் கதை போதும். விவாதம் முடிவில் ஓட்டுக்கு விடவில்லை, ஆனால் தீப்பந்து அணியில் இருந்த கல்லூரி மாணவர் இருவர் அடுத்த மாதமே ஆண்டின் கடைசி ஐந்து நாட்களை வைத்துச் சேர்ந்து ஒரு நாவல் தொடங்கினார்கள். முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், மீதி ஐந்து நாள் எந்த மாதத்திலும் சேராது, ஒசிரிஸ், ஹோரஸ், சேத், ஐசிஸ், நெஃப்திஸ் ஆகிய கடவுள்கள் பிறந்த நாட்கள், நோய் திரியும் ஆபத்தான நாட்கள் என்று மக்கள் மந்திரம் எழுதிய துணியை முடிச்சிட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள். அவர்கள் கதையில் ஒருத்தி அந்த ஐந்து நாட்களில் மட்டுமே உயிரோடு இருக்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

பிழை பார்க்கும் குழு நன்றாக உழைத்தது. ராம்செஸ் கால வணிகர்கள் ஒட்டகத்தில் வரவே கூடாது, கழுதைதான். காசு எண்ணிக் கொடுக்கவும் கூடாது, விலையைச் செப்பு டெபெனில் மதிப்பிட்டுத் தானியமோ துணியோ மாற்றிக்கொள்வார்கள். பிரமிடு கட்டிய காலத்தில் குதிரை வண்டி ஓட்டாதீர்கள். மக்காச்சோளம், தக்காளி, மிளகாய் எதுவும் கிடையாது. கற்பனை உலகம்தானே என்று சொல்பவர்களுக்கு என் பதில், கற்பனை உலகம் என்றால் அதற்கு வேறு பெயர் வையுங்கள், நைல் என்று பெயர் வைத்தால் நைலுக்கு உண்மையாக இருங்கள்.

நம் ஊர்க்காரர்களை எகிப்துக்குள் கொண்டுவர ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரமிடு காலத்தில் கொண்டுவர வழியில்லை. இரண்டாம் ராம்செஸின் மம்மி மூக்கில் மிளகு இருந்தது உண்மை, அது எத்தனை கை மாறிப் போனதோ. ரோமர் காலத்தில் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது: செங்கடல் கரையில் பெரெனிகே, குசெய்ர் இரண்டு துறைமுகங்களிலும் தமிழ்-பிராமி எழுதிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன, பெரெனிகே கோயிலில் ஏழரை கிலோ மிளகு ஒரு ஜாடியோடு கிடைத்தது, முசிறியிலிருந்து சரக்கேற்றிய ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் கணக்கு வியன்னாவில் உள்ள பாப்பிரஸில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கதையை வையுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

நூலகத்துக்கு இந்த ஆண்டு வாங்கிய புத்தகங்களின் பட்டியல் பலகையில் ஒட்டியிருக்கிறது. எடுத்துப் போனவர்கள் திருப்பித் தரவும். துரின் அருங்காட்சியகத்தின் பாப்பிரஸ்களையும் நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் படங்களையும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், எப்படித் தேடுவது என்று தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

2025 நவம்பரில் கீசாவில் பெரிய எகிப்திய அருங்காட்சியகம் முறைப்படி திறக்கப்பட்டு, துட்டன்காமூன் கல்லறைப் பொருட்கள் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்துவிட்டதால், குழுவாகப் போகலாம் என்று சிலர் கேட்கிறார்கள். செலவை அவரவர் பார்த்துக்கொள்வதாக இருந்தால் ஏற்பாட்டை நான் கவனிக்கிறேன், பெயர் கொடுங்கள். மம்மித் தடையை இன்னும் ஓராண்டு நீட்டிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது, அதற்கு இன்று ஓட்டெடுப்பு உண்டு. அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பாடம் பெரிய பிரமிடு கட்டிய கூஃபு அரசன் காலத்துப் படகுக் குழுத் தலைவன் மேரெரின் நாட்குறிப்பு, 2013இல் செங்கடல் கரை வாதி அல்-ஜார்ஃபில் கிடைத்த, எழுத்துள்ள பாப்பிரஸ்களிலேயே மிகப் பழையது. துரா கற்சுரங்கத்திலிருந்து கீசாவுக்குக் கல் ஏற்றிப் போன கணக்கு நாள்வாரியாக இருக்கிறது, எல்லாரும் படித்துவிட்டு வாருங்கள். இப்போது பொருளாளர் கணக்கைப் படிப்பார்.