நிழலில் மணி பார்க்கும் முற்றம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். புதுக் கட்டடத்தில் என்ன வரையப்போகிறீர்கள் என்று வாசலில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறீர்கள். போன வாரம் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். அதை விவரமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பூ, கிளி, தலைவர்கள் படம் என்று அழகாக வரைந்து கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். பழைய கட்டடத்தில் அப்படி வரைந்த சுவரை ஆறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆசையாகத் தொட்ட சின்னப் பிள்ளைகளையும் "சுவத்துல கை வைக்காதே" என்று நாங்களே அதட்டினோம். அது இன்னும் என் மனதை உறுத்துகிறது. அதனால் இந்த முறை, பிள்ளைகள் கை வைத்தால், காலால் மிதித்தால்தான் வேலை செய்கிற ஒன்று வேண்டும் என்று கேட்டேன். குழுவும் சரி என்றது.

பெரிய வேலை, முற்றத்தில் வரப்போகும் நிழல் கடிகாரம். அதில் நிழல் விழுவதற்காக நடும் கம்பி எதுவும் இருக்காது. பிள்ளைதான் கம்பி. தரையில் ஒரு நீள்வட்டம், அதைச் சுற்றி மணி எண்கள், நடுவில் மாதங்களுக்கான கோடுகள். அந்தந்த மாதக் கோட்டில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினால், நிழல் எந்த எண்ணைக் காட்டுகிறதோ அதுதான் மணி.

அளவெடுக்க ஜூன் கடைசியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு குச்சியை நட்டு, காலை பத்து மணியிலிருந்து நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார்கள். நிழல் மிகவும் குட்டையாகும் நேரம்தான் உச்சிப்பொழுது. கடிகாரத்தில் 12 அடித்து 18 நிமிடம் கழித்துத்தான் அது வந்தது. இந்திய நேரத்தை 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம் திருச்சி அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் இங்கே உச்சிக்கு வர ஏறக்குறைய கால் மணி நேரம் பிந்தும். மீதி நிமிடங்கள் மாதத்துக்கு மாதம் மாறும். நிழல் காட்டும் மணியை நம் கடிகார மணியாக மாற்ற எத்தனை நிமிடம் சரிசெய்ய வேண்டும் என்ற அட்டவணையைப் பிள்ளைகள் பக்கத்துச் சுவரில் எழுதுவார்கள்.

அப்போதுதான் குனிந்து புள்ளி வைத்த ஒரு பெண், "மிஸ், நிழல் தெற்கால விழுது!" என்றாள். நண்பகல் நிழல் வடக்கே விழும் என்றுதான் அவள் படித்திருக்கிறாள். நானும் குனிந்து பார்த்தேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால் இப்படி. அன்று மதியச் சோறு ஆறிப்போகும்வரை ஒரு பிள்ளையும் இடத்தை விட்டு நகரவில்லை.

நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் கடிகாரத்தின் உருவமே வேறு. கிழக்கு மேற்காக 5 மீட்டர் உள்ள நீள்வட்டம் டெல்லியில் என்றால் வடக்கு தெற்காக 2.4 மீட்டர் வரும். நமக்கு 94 சென்டிமீட்டர்தான், ஒரு மாவிலை மாதிரி ஒடுங்கி இருக்கும். ஜூனில் பிள்ளை அந்த வட்டத்துக்கு வெளியே, வடக்குப் பக்கம் போய் நிற்க வேண்டும்.

அடுத்தது படிக்கட்டுத் திண்ணை. பழைய கோயில் மண்டபத் தரைகளில் ஆடு புலி ஆட்டக் கோடு செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே திண்ணையில் செதுக்கப்போகிறோம். 3 புலி, 15 ஆடு. காய்க்குப் புளியங்கொட்டை, கூழாங்கல் போதும்.

தெருப் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரும்பலகைப் பெயிண்ட். 2011இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கேண்டி சாங் என்ற கலைஞர், பாழடைந்த ஒரு வீட்டுச் சுவரில் இப்படிப் பெயிண்ட் அடித்து, பாதி வாக்கியத்தை எழுதிவைத்துச் சாக்பீஸும் வைத்தார். மீதியைத் தெருவில் போகிறவர்கள் எழுதி நிரப்பினார்கள். நம் சுவரில் "இன்று வழியில் நான் பார்த்தது" என்று மட்டும் எழுதியிருக்கும். பால்காரர் முதல் பாட்டி வரை யாரும் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் படம் போடலாம். சனிக்கிழமைதோறும் ஐந்தாம் வகுப்பு அதை நோட்டில் எழுதிக்கொண்டு சுவரைக் கழுவிவிடும்.

காசு கேட்கவில்லை. உங்கள் கை வேண்டும். போன முறை ஈரம் காயாத சுவரில் அவசரப்பட்டுப் பெயிண்ட் அடித்து, ஒரே மழைக்காலத்தில் உப்புப் பூத்து உதிர்ந்தது. அந்தத் தவறு மறுபடி நடக்கக் கூடாது. உங்களில் கொத்தனார்களும் பெயிண்டர்களும் இருக்கிறீர்கள். வருகிற இரண்டு சனிக்கிழமைகளில் காலை 7 மணிக்கு வந்து சுவரைச் சுரண்டவும் பிரைமர் அடிக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஈயம் கலக்காத பெயிண்ட்தான் வாங்குகிறோம். வீடு கட்டி மிச்சமான டைல்ஸ் துண்டு இருந்தால் கொடுத்தனுப்புங்கள், மணி எண்களைப் பதிக்க ஆகும். முனையை நாங்களே தேய்த்துக்கொள்கிறோம். பிள்ளைகளிடம் மட்டும் உடைக்கச் சொல்ல வேண்டாம்.

ஆகஸ்ட் 24 வாக்கில் உச்சிச் சூரியன் நேராக நம் தலைக்கு மேல் வருகிறது. அன்று மாதக் கோட்டில் நிற்க வேண்டிய இடமும் 12 என்ற எண்ணும் ஒரே இடத்தில் வந்து சேரும். பிள்ளை அந்த 12இன் மேலேயே நிற்கும், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். மதியம் 12.17க்கு. அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக வந்துவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை