எப்காட்டில் அறிவியலுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிஸ்னி நடத்தும் எப்காட் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் பிள்ளைகள் இன்று ரோலர் கோஸ்டரைத் தேடித்தான் ஓடுகிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. 1982-ல் பூங்கா திறந்தபோதே அங்கே எரிசக்தி பற்றிய ஒரு சவாரி இருந்தது. இருக்கை வரிசைகளே மெல்ல நகர்ந்து நம்மை டைனோசர்களுக்கு நடுவே கூட்டிப்போகும், மின்சாரத்தில் ஒரு பகுதி கூரையிலிருந்த சோலார் பேனல்களிலிருந்தே வந்தது. 2017-ல் மூடிவிட்டார்கள். 2022-ல் அதே இடத்தில் சினிமா நாயகர்களின் ரோலர் கோஸ்டர் வந்தது.

அதற்கு முன்பே, 1999-ல், ‘ஹொரைசன்ஸ்’ மூடப்பட்டது. கடலடியிலும் பாலைவனத்திலும் விண்வெளியிலும் மனிதர் எப்படி வாழலாம் என்று காட்டிய சவாரி, நடுவில் ஆரஞ்சு வாசனை வேறு வீசும்!

தகவல் பழசாகிவிடும் என்கிறார்கள், சரி, புதுப்பிக்கலாமே? எரிசக்தி சவாரியையே 1996-ல் புதுப்பித்தார்கள் அல்லவா? பேட்டரி, காற்றாலை, பருவநிலை என்று இன்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

மண்ணில்லாமல் காய்கறி வளர்வதைக் கண்ணெதிரே காட்டும் ‘லிவிங் வித் த லேண்ட்’ படகுச் சவாரி இன்னும் ஓடுகிறது. அதையாவது விட்டுவைக்க வேண்டும். அப்புறம், அங்கே போகும் பெற்றோர்களே, பிள்ளைகளை அதில் கட்டாயம் ஏற்றிவிடுங்கள்.

– ஒரு வாசகர்